வெறும் வண்டியாக ஓடாத லாரி

அந்த வசந்தகாலத்தில் கெங்கெஷின் லாரி வெறும் வண்டியாக ஓடுவதை நிறுத்திவிட்டது. அவனுடைய ஊரான நரினிலிருந்து மாவு மூட்டைகளோடு மலைக்கணவாய் தாண்டி அத்-பாஷி ஊருக்குச் சமர்த்தாகத்தான் வந்தது. இறக்கிவிட்டுச் சாவியைத் திருகினால், ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துபோனது. மெக்கானிக் பார்த்தான், பழுதில்லை, வண்டிக்கு மனசு இல்லை என்றான். அதற்கும் கூலி வாங்கிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து நரினிலிருந்து போன் வந்தது: மனைவி நுர்ஜமாலுக்கு வலி கண்டுவிட்டது.

எத்தனையோ வருஷமாக லாரிகளெல்லாம் டீசலைக் குடித்து, காற்றை ஏற்றிக்கொண்டு நரினுக்குத் திரும்பின. அத்-பாஷியின் ஆட்டுக்கம்பளியோ கிடங்கிலேயே மக்கியது. அதில் யாருக்கும் வியப்பில்லை. ஒரு லாரி மாட்டேன் என்றதுதான் வியப்பு. கம்பளி விற்கும் புருல் வேடிக்கை பார்க்க வந்தாள்.

“அக்கா, உன் மூட்டைய ஏத்து. சும்மாவே கொண்டுபோறேன்.”

“காலியா போற வண்டிக்குப் போன வருஷம் ரெட்டை வாடகை கேட்டியே துரை, இப்ப சும்மாவா?”

“அவ அங்க தனியா கெடக்கா, அக்கா.”

புருல் கிடங்கைத் திறந்தாள். அவளே மூட்டை தூக்கினாள். பாதி நிறைந்ததும் லாரி இருமிவிட்டு மறுபடி அணைந்தது. அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். உருளைக்கிழங்கு வந்தது, கழற்றிய கூடாரம் ஒன்று வந்தது, பல் பிடுங்கிக்கொள்ள வேண்டிய இரண்டு பெரியவர்கள் வந்தார்கள், கடைசியில் ஒரு குதிரை. குதிரை ஏறியதும் என்ஜின் தானாக உறுமியது.

கெங்கெஷ் ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது மகள் பிறந்திருந்தாள். நுர்ஜமால் மூக்கைச் சுளித்தாள்.

“பிள்ளையப் பாக்க வந்தியா, ஆட்டுப்பட்டிய ஓட்டிட்டு வந்தியா?”

அவன் சிரிக்கப் போய் அழுதுவிட்டான்.

கோடையில் தலைநகரிலிருந்து பசுமைச் சரக்குப் போக்குவரத்துக் குழு அத்-பாஷிக்கு வந்தது, ஆளுக்கொரு காரில். லாரியைத் தட்டிப் பார்த்து, இது தங்கள் திட்டத்தின் வெற்றி என்று அறிவித்தது. திட்டம் இன்னும் எழுதப்படவில்லை என்பதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை; வாய் நிறைய ஆட்டுக்கறி. சாப்பிட்டுக் கிளம்பினால் ஒரு காரும் கிளம்பவில்லை. கெங்கெஷ் சிரிக்காமல் போய்ப் புருலைக் கூட்டி வந்தான். அவள் ஒவ்வொரு காரிலும் கம்பளியைத் திணித்தாள்.

“இத எங்கம்மா வெக்கிறது?” என்றார் குழுத் தலைவர்.

“மடியில வெச்சுக்குங்க சார். மேல போனா குளிரும்.”

கார்கள் கிளம்பின. அன்றிலிருந்து அந்தச் சாலையில் எந்த வண்டியும் காலியாக ஓடுவதில்லை. குழு வருஷம் தவறாமல் வந்து, மடியில் கம்பளியோடு திரும்பிப் போகிறது.