இரண்டாம் பக்கத்தின் முதல் வரி

கிடங்கு வளாகத்தின் கேட் அலுவலகத்திலிருந்து காலையில் வந்த போன் சாதாரணப் புகார்தான்.

"பாப்பா, நீ போட்ட புதுப் பக்கத்தைத் திறந்தா எல்லாம் மாடிப்படி மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா விழுந்து கிடக்கு. எந்தத் தேதி எந்தக் கிடங்குக்குன்னே புரியல. பிரிண்ட் எடுத்தா அதைவிட மோசம்" என்றார் அங்கே சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் கேட் அக்கா.

போனை எடுத்தவள் ஒரு சின்ன நிறுவனத்தில் வலைப்பக்கங்கள் செய்கிறவள். டயர் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேசைகள் போட்ட அலுவலகம். உட்கார்ந்தால் ரப்பர் வாடை தலைமுடி வரை ஏறும். சேர்ந்த புதிதில், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஒரேயொரு புள்ளி விட்டுப்போனதைத் தேடி அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டதால், அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதலாளியை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவருக்கு அது தெரியும், கண்டுகொள்வதில்லை.

இந்தப் பக்கம் தானியக் கிடங்குகளுக்கானது. மூட்டைகளில் வண்டு பிடிக்காமலிருக்க, அடுக்குகளைத் தார்ப்பாயால் மூடி உள்ளே மருந்து வில்லைகளை வைப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு வண்டைக் கொல்லும், மனிதனையும் விட்டுவைக்காது. எந்தெந்தக் கிடங்கில் மருந்து வைத்திருக்கிறது என்பதைப் பூச்சி மருந்து நிறுவனம் வலைப்பக்கத்தில் ஏற்றும். கேட் அக்கா அதை அச்செடுத்துச் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுவார். தாளில் இருக்கும் நம்பருக்குச் சாவி கிடையாது. தாளில் இல்லாத நம்பருக்குச் சாவி உண்டு. காலங்காலமாக அதுதான் விதி.

அந்த வளாகத்தில்தான் அவளுடைய அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பக்கம் செய்யும் வேலையை அவள் அலுவலகத்துக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். "என் தங்கச்சி செய்வா, பிரமாதமா செய்வா" என்று மேனேஜரிடம் பெருமை அடித்துவிட்டு வந்திருந்தான்.

கேட் அக்காவின் புகாருக்குக் காரணம் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கட்டங்களை கிரிட் என்ற புது முறையில் அடுக்கியிருந்தாள். கேட் கம்ப்யூட்டரில் இருந்த பழைய பிரவுசருக்கு கிரிட் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாததை அது யாரிடமும் கேட்காது. பேசாமல் தாண்டிப் போய்விடும். அவள் கிரிட்டை எடுத்துவிட்டு, எந்தக் கிழட்டு பிரவுசருக்கும் புரிகிற சாதாரண அட்டவணையாக மாற்றினாள்.

"இப்ப பாருங்கக்கா."

"இப்ப வரிசையா வந்துடுச்சு. ஆனா ஒண்ணு, கீழ இறக்கிப் பார்க்கும்போது தலைப்பு மேல போயிடுது. எது மருந்து வச்ச தேதி, எது திறக்கற தேதின்னு குழம்புது. தலைப்பை அப்படியே நிக்க வைக்க முடியுமா?"

"அதுக்கென்ன, ரெண்டு வரி வேலை."

தலைப்பு வரியைத் திரையின் உச்சியில் ஆணி அடித்தாற்போல் நிறுத்தினாள். பின்னால் ஓடும் எழுத்துகள் தெரியாமலிருக்க அதற்கு வெள்ளைப் பின்னணி கொடுத்தாள். பட்டியலின் முதல் வரி தலைப்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மேலே கொஞ்சம் இடமும் விட்டாள். தன் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாள். அலுவலகப் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்தும் பார்த்தாள். ஒரே தாளில் அச்சடித்த அழைப்பிதழ் போல வந்தது. பக்கத்தை ஏற்றிவிட்டு டீ வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கேட் அக்காவிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்திருந்தது. சாவிப் பலகையும், பக்கத்தில் ஒட்டிய தாள்களும். கீழே 'சூப்பர் பாப்பா, இப்பத்தான் பளிச்சுனு இருக்கு' என்று எழுதியிருந்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. நேரே கண்ணாடிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ரெண்டு தாளா ஒட்டியிருக்காங்க? நீ எடுத்தது ஒண்ணுலயே அடங்கிடுச்சே."

"அவங்க பிரிண்டர்ல சின்னத் தாள் போலிருக்கு சார்."

"சரி சரி. ரெண்டுலயும் தலைப்பு வந்திருக்கு. நல்லாத்தான் இருக்கு."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். ரெண்டிலும் தலைப்பு வந்திருக்கு. அவள் அப்படி எதுவும் எழுதவில்லை. திரையில் நிற்கத்தான் சொல்லியிருந்தாள். படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். முதல் தாளின் கடைசி வரியில் பதினேழாம் நம்பர் கிடங்கு. இரண்டாம் தாளில் தலைப்பு, அதன் கீழே இருபத்தொன்று.

தன் மேசைக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று.

என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஆணி அடித்து நிறுத்திய தலைப்பை பிரவுசர் ஒவ்வொரு தாளின் உச்சியிலும் கொண்டுவந்து பதித்திருக்கிறது. முதல் தாளில் அதற்கென்று அவள் இடம் விட்டிருந்தாள். இரண்டாம் தாளில் யாரும் இடம் விடவில்லை. அங்கே மேலே வந்து நின்ற வரியின் மீது, வெள்ளைப் போர்வை போர்த்தியது போல் தலைப்பு உட்கார்ந்துகொண்டது. கிழியவில்லை, கலையவில்லை, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அசிங்கமாக வந்திருந்தாலாவது கேட் அக்கா கவனித்திருப்பார்.

பத்தொன்பதில் நேற்றுத்தான் மருந்து வைத்திருந்தார்கள்.

மேசைப் போனிலிருந்து கேட் அலுவலகத்துக்கு அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாம் முறை கேட் அக்கா எடுத்தார்.

"அக்கா, பத்தொன்பது சாவி பலகையில இருக்கா பாருங்க."

"எதுக்கு பாப்பா?"

"பாருங்கக்கா."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "இல்லையே. இப்பத்தான் வாங்கிட்டுப் போனாங்க, லோடு ஏத்த. உங்க அண்ணன்தான் வண்டி ஓட்டறாரு."

"அதுல மருந்து இருக்குக்கா."

"தாள்ல இல்லையேம்மா."

"தாள் தப்பு. ஓடுங்க. அண்ணனை நிறுத்துங்க."

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம் அவள் காதில் அறைந்தது. பிறகு காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

கிடங்குக் கதவுகளில் எச்சரிக்கைப் பலகை தொங்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அது முன்கதவில். முன்பக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், லாரியெல்லாம் பின்பக்கமாகத்தான் வருகிறது என்று நேற்றுச் சாப்பிடும்போது அண்ணன் சொல்லியிருந்தான். பின்கதவில் பலகை உண்டா? அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கண்ணாடிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் தன் போனிலிருந்து அண்ணனை அழைத்தார். சில நொடிகளில், அவள் காதில் வைத்திருந்த ரிசீவருக்குள் தூரத்தில் ஒரு பாட்டுச் சத்தம் எழுந்தது. அண்ணனின் போன். அந்த வாயு தீப்பிடிக்கக் கூடியது என்பதால் உள்ளே போகிறவர்கள் போனைக் கேட் அலுவலகத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆளில்லாத அறையில் அது பாடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க சார். அது அங்கதான் அடிக்குது."

அவர் நிறுத்தினார். மறுபடி மின்விசிறி.

யாரோ உள்ளே வரும் சத்தம் கேட்டது. "யாருங்க இருக்கீங்க? கேட் பாஸ் வேணும்."

"அண்ணே" என்று அவள் வந்தவரை நோக்கி ரிசீவருக்குள் கத்தினாள். "அண்ணே, போனை எடுங்க."

ரிசீவரை எடுக்கும் சத்தம். பிறகு ஒரு கரகரத்த குரல். "ஹலோ, இங்க ஆபீஸ்ல யாரும் இல்லம்மா. நான் லாரி டிரைவர்."

"வெளிய எட்டிப் பாருங்கண்ணே. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

"ஒரு அம்மா ஓடறாங்க. செருப்பைக்கூட விட்டுட்டு ஓடறாங்க. விசில் ஊதிக்கிட்டே."

"எந்தப் பக்கம்?"

"பின்பக்கமா. ஏம்மா, தீ கீ பிடிச்சிருச்சா? நான் வண்டியை எடுத்துடவா?"

"போயிடாதீங்க. தயவுசெஞ்சு பார்த்துச் சொல்லுங்க."

அந்த டிரைவர் போகவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே விசில், அப்புறம் வேறு குரல்கள், என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடாத கூச்சல்.

"ஆளுங்க எல்லாம் அந்தப் பக்கமா போறாங்க. ஒருத்தரைத் தூக்கிட்டு வர்றாங்கம்மா."

"யாரை? மீசை வச்சிருக்காரா? உயரமா, நீலச் சட்டை."

"முகம் தெரியல. கூட்டமா மறைச்சுக்கிட்டு வர்றாங்க. கால்தான் தெரியுது."

"காலைப் பாருங்கண்ணே. ஷூவா, செருப்பா?"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் ஷூ போட்டிருப்பார்கள். அவள் பதிலுக்குக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், கீழே டயர் கடையில் யாரோ சிரித்தது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வெறுங்காலும்மா" என்றார் டிரைவர்.

நிம்மதி ஒரு கணம் வந்தது. வந்த வேகத்தில் அதை நினைத்து அவளுக்கே கூசியது. அப்போது டிரைவர் மறுபடி சொன்னார்: "பின்னாடியே இன்னொருத்தரையும் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க. நடக்கறாரு. ஆனா வாந்தி எடுக்கறாரு. நீலச் சட்டைதான்."

கண்ணாடிக்காரர் தன் பைக்கிலேயே அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அண்ணன் மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பு பூசியது போலிருந்தது. அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினான். கை பாதியில் நின்றது.

"மாப்பிள்ளை எப்படி இருக்கான்னு கேளு" என்றான்.

மாப்பிள்ளை மூட்டை தூக்குகிறவர். கல்யாணமாகி எத்தனையோ வருடங்களாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பின்கதவைத் திறந்து முதலில் உள்ளே போனவர் அவர்தான். தார்ப்பாயைப் பார்த்ததும், தூசிக்காக மூடியிருக்கிறார்கள் என்று நினைத்து ஓரத்தைத் தூக்கிவிட்டார். வண்டியோடு வாசலில் நின்ற அண்ணனுக்குப் பூண்டு அழுகினாற்போல ஒரு நாற்றம் வந்தது. கூப்பிடுவதற்குள் மாப்பிள்ளை குப்புற விழுந்துவிட்டார். அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு போய், காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் மூச்சு தாங்கவில்லை. அதற்குள் கேட் அக்கா ஆட்களோடு வந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா ரெண்டு பேருமே அங்கதான்" என்றான் அண்ணன். "தாள்ல எப்படி விட்டுப்போச்சுன்னுதான் தெரியல. யாரு செஞ்ச வேலையோ, கையில கிடைச்சா..."

"நான்தான் அண்ணா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் தலைப்பைப் பற்றியும் இரண்டாம் தாளைப் பற்றியும் சொன்னாள்.

"வேணும்னு செய்யலையே நீ."

"இல்ல."

"அப்ப விடு. அண்ணிகிட்ட இப்போதைக்குச் சொல்லாத." கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே, "பிரமாதமா செய்வான்னு மேனேஜர்கிட்ட சொன்னேனே" என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

நடையில் போட்டிருந்த பெஞ்சில் மாப்பிள்ளையின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கணவனின் சட்டையைச் சுருட்டி வைத்திருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பேசாமல் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. புள்ளி அதையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தத் தாளை அச்சடிக்கற பக்கத்தைச் செஞ்சது நான்தான். அதுல ஒரு வரி மறைஞ்சு போச்சு."

"வரின்னா?"

"உங்க வீட்டுக்காரர் போன கிடங்கோட நம்பர். தலைப்புக்கு அடியில மாட்டிக்கிச்சு."

அந்தப் பெண் அதைப் புரிந்துகொள்ள முயல்வது முகத்தில் தெரிந்தது. "தானா மறைஞ்சுதா, யாராவது மறைச்சாங்களா?"

"தானா மறையற மாதிரி நான் செஞ்சு வச்சுட்டேன். கேட்ல இருக்கற தாள்ல சோதிச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கல."

திட்டுவாள், அடிப்பாள் என்று அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"அவருக்குப் பேச்சு வரட்டும்" என்றாள் அந்தப் பெண், அவள் முகத்தைப் பார்க்காமலே. "அப்புறம் உன்கிட்ட பேசறேன். இப்ப எந்திரிச்சுப் போயிடு."

மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு முழுதாகத் திரும்பியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் படியேறினால் இளைக்கிறது; மூட்டை தூக்கும் வேலைக்கு இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வளாகத்தில் எடை மேடையில் உட்கார்த்தி வைத்தார்கள். அவர் மனைவி அப்புறமும் புள்ளியிடம் பேசவில்லை.

நடந்ததை அவள் கிடங்கு மேனேஜரிடமும் பூச்சி மருந்து நிறுவனத்திடமும் மறைக்காமல் சொன்னாள். கண்ணாடிக்காரர் பக்கத்திலேயே நின்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. தலைப்பு திரையில் மட்டும் நிற்கும்படி, தாளில் ஆணியைக் கழற்றிவிடும்படி எழுதினாள். வரிகள் இரண்டு தாளுக்கு நடுவில் உடையாமல் பார்த்துக்கொண்டாள். கேட் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து, அவர்களுடைய சின்னத் தாளில், அவர்களுடைய பழைய பிரவுசரில், நீளமான பட்டியலாகக் கொடுத்து எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, விதியையே மாற்றச் சொன்னாள். இப்போது தாளில் எல்லாக் கிடங்குகளும் வரும். ஒவ்வொன்றுக்கும் நேராகத் திறக்கலாம், கூடாது என்று எழுதியிருக்கும். தாளில் இல்லாத நம்பருக்குச் சாவி கிடையாது. பின்கதவுகளிலும் பலகை மாட்டிவிட்டார்கள்.

இருந்தும் அவளுக்குப் பயம் போகவில்லை. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளை விட்டுவிட்டு அவற்றுக்கு அடியில் என்ன கிடக்கிறதோ என்றே மனம் போகிறது. பஸ்ஸில் ஒட்டிய நேர அட்டவணை, மருந்துச் சீட்டு, எதுவானாலும் தாள் மாறும் இடத்தில் கண் நின்றுவிடுகிறது.

தினமும் காலையில், விடுமுறை நாளானாலும், கேட்டுக்குப் போன் செய்கிறாள். கேட் அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வார். அவள் தன் திரையில் விரலை வைத்துக்கொண்டே போவாள். எண்ணிக்கை சரியாக வரும்.

"சரியா இருக்கா பாப்பா?"

"சரியா இருக்குக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரெண்டாம் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை எண்ணிடுங்களேன்" என்பாள்.

கேட் அக்கா அலுத்துக்கொள்வதில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்.