பெருமாள்சாமியின் மைக்

வேலம்பாளையம் கபடி மைதானத்துக்கு மூன்று வீடு தள்ளித்தான் மயிலாளின் வீடு. ஆனாலும் கல்யாணம் ஆகும்வரை அவள் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. வயசுப் பெண்ணை அங்கே விடமாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பனியன்களில் பிசிர் வெட்டிக்கொண்டே, ஒலிபெருக்கியில் பெருமாள்சாமி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பெருமாள்சாமி சாயப்பட்டறை மேஸ்திரி. போட்டி நடக்கும் நாட்களில் மைக் அவர் கையில்தான். தோற்கிறவனையும் அவர் பேச்சு கைவிடாது.

"சென்னியப்பன் பாடிப் போறாருங்க. தலையை எப்படி நிமித்திட்டுப் போறாருன்னு பாருங்க. புடிச்சுட்டாங்க. பரவாயில்லீங்க, அடுத்த தடவை வேற மாதிரி போவாரு."

எண்பத்தெட்டில் மயிலாளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்த பெயர்களில் சென்னியப்பனும் ஒன்று.

"கபடி ஆடுறவருங்களா? அவரையே பேசி முடிங்க" என்றாள். முகம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு புருஷனின் ஆட்டத்தைப் பார்க்க ஆசையாகப் போனாள். சென்னியப்பன் நடுக்கோட்டைத் தாண்டியதுமே எதிரணி அமுக்கிவிட்டது. மறுபடி போனான், மறுபடியும் அமுக்கினார்கள். ஒலிபெருக்கி அவனைப் பாராட்டிக்கொண்டே இருந்தது. மயிலாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏமாந்துட்டயா புள்ள?" என்று திரும்பும் வழியில் கேட்டான்.

"இல்லீங்க. அவரு பொய் ஒண்ணும் சொல்லலீங்க. தலையை நிமித்தித்தான் போறீங்க."

வாழ்க்கையிலும் அவன் அப்படித்தான் இருந்தான். கம்பெனியில் வேலை போனபோதும் முகம் சுண்டாமல் அடுத்த கம்பெனி தேடிப் போனான். நல்ல மனுஷன்தான் வாய்த்தான் என்று மயிலாளுக்கு நிச்சயமானது.

தொண்ணூற்று மூன்றில் பெருமாள்சாமி மாரடைப்பில் இறந்துபோனார். சாவு வீட்டுக் கூட்டத்தில் மயிலாளால் எதுவும் பேச முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் மயிலாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்புப் பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி சாரதாமணியிடம், தான் கல்யாணத்துக்குச் சம்மதித்த கதையைச் சொன்னாள்.

"அவரு பேச்சைக் கேக்காம இருந்திருந்தா இவரைக் கட்டியிருக்க மாட்டேனுங்க அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சாரதாமணி பழச் சீப்பை வாங்கி ஓரமாக வைத்தாள். "ஊட்டுல அவரு வாயே தொறக்க மாட்டாரு கண்ணு. நான் கிரவுண்டு பக்கம் போனதில்லை. அங்க எப்படித்தான் பேசுவாரு?"

மயிலாள் சொல்லப் பார்த்தாள். கண்முன் ஆட்டம் இல்லாமல் அந்தப் பேச்சு வரவில்லை. சென்னியப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். வாசலில் இறங்கி "கபடி, கபடி" என்று பாடத் தொடங்கினான். மயிலாளுக்குப் பேச்சு தானாக வந்தது.

"சென்னியப்பன் போறாருங்க. இடப்பக்கம் ஆள் இல்லை, அது அவருக்குத் தெரியுமுங்க..."

பின்வாங்கிய சென்னியப்பன் துணி காயும் கொடியில் மாட்டி, ஈரச் சேலையோடு கீழே விழுந்தான்.

"கொடிக்கயிறு புடிச்சுடுச்சுங்க. பரவாயில்லீங்க, சேலையைக் கையோட கொண்டு வந்துட்டாருங்க."

சாரதாமணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

"இம்புட்டுப் பேச்சை வெச்சுக்கிட்டு, எங்கிட்ட சோறு போடுன்னு மட்டுந்தான் சொன்னாரு, பாரு கண்ணு."

அடுத்த போட்டிக்கு சாரதாமணி மயிலாளோடு மைதானத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மைக்கில் புது ஆள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மயிலாளின் தோளை இடித்தாள்.

"இவரு பாயிண்டை மட்டுந்தான் சொல்றாரு. நீ சொல்லு கண்ணு."

மயிலாள் அவள் காதருகே குனிந்து சொல்ல ஆரம்பித்தாள்.