அழகையா சிரித்த படம்

கேமரா வாங்கினால் பின்பக்கத் திரை மடங்கித் திரும்புகிற மாதிரி உள்ளதைத்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். என் வீட்டுக்காரர் ஜெயமுருகனுக்கு அதில் கடுப்பு. "கண்ண வச்சுப் பாத்து எடுக்கிறவன்தான் போட்டோகிராபர். நீ டிவில பாக்குற" என்பார். சொல்லட்டுமே. அவருக்குக் கல்யாண வீடியோ, வெளி வேலை. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற எங்கள் ஸ்டூடியோவில் வந்து உட்காருகிறவர்களின் முகத்தை நான்தான் பார்க்கிறேன். வாசல்வரை சிரித்துப் பேசிக்கொண்டு வந்த மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்ததும் விசாரணைக்கு வந்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் லைவ் வியூ. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, திரையை அவர்கள் பக்கமே திருப்பிவிடுவேன். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். தன் முகம் தனக்கே தெரிந்ததும் தோள் இறங்கும். முடியை ஒதுக்குவார்கள், காலரை இழுத்துவிடுவார்கள். பிடித்த முகம் வந்ததும் தலையாட்டுவார்கள், நான் அழுத்துவேன். திரை ஒரு நொடி கறுத்து, எடுத்த படம் வந்து நிற்கும். இதற்காகவே பூம்பாறையிலிருந்து பஸ் ஏறி என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரே குறை, திரை எரிய எரிய பேட்டரி இறங்கிவிடும். குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

அழகையா வந்தது தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். காற்றில் எங்கோ மரம் விழுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை. கதவைத் திறந்துவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார்.

"பிள்ள, ஒரு படம் புடிக்கணும். சிரிச்ச மாதிரி."

"எதுக்குங்கய்யா? கார்டுக்குன்னா சிரிக்கக் கூடாதும்பாங்க."

"கார்டுக்கு இல்ல. வீட்டுல மாட்ட."

உட்கார்ந்ததும் தன் கதையைச் சொன்னார். சின்னப் பையனாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். இப்போது கிளாவரைக்குப் பக்கத்தில் வீடு, பூண்டுக் காட்டில் கூலி வேலை. கல்யாணத்துக்கு முன்னாலேயே முன்பல் போய்விட்டதாம். அதற்குப் பிறகு எடுத்த படம் எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடியிருப்பார்; வீட்டில் சிரிப்பு வந்தாலும் கையால் பொத்திக்கொள்வாராம்.

"மகன் கலியாண ஆல்பத்துல பாக்கணுமே, சண்டைக்கு வந்தவன் மாதிரி நிக்கிறேன். சம்பந்தி வீட்டுல இன்னைக்கும் என்னையக் கோவக்காரன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

வெள்ளிக்கிழமை ஏதோ முகாமில் இலவசமாகப் பல்செட் கொடுத்திருக்கிறார்கள். ஈறு புண்ணாகி வலிக்கிறதாம். புண் ஆறும்வரை போத்தலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்துவிட்டு, படத்துக்கு மட்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். "லெட்சுமிகூட காலையில பஸ் ஏறப் போகையிலதான் ஒருக்கா பாத்தா" என்றார். லெட்சுமி அவர் மனைவி.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். கையை எடுத்தார். நாக்கால் பல்லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். இடப்பக்க உதடு முதலில் ஏறியது, வலப்பக்கம் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. பிறகு கண்ணும் சேர்ந்து சிரித்தது. எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன். அத்தனை கூச்சமும் அத்தனை சந்தோஷமும் ஒன்றாக இருந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"எடுக்கட்டுமாய்யா?"

"இரு பிள்ள. இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன்."

இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், சிரித்துக்கொண்டேயிருந்தார். திரை மூலையில் பேட்டரிக் குறி சிவப்பாக மின்னியதை நான் கவனித்தேன். கவனித்தும், அந்த மனுஷனை அவசரப்படுத்த மனம் வரவில்லை. கடைசியில் தலையாட்டினார். அழுத்தினேன். திரை கறுத்தது. ஆனால் டக்கென்ற சத்தம் வரவில்லை. படம் எடுபடுவதற்குள் பேட்டரி போய்விட்டது.

அவருக்கு அது தெரியாது. திரை கறுத்தால் படம் எடுத்தாயிற்று என்று அவருக்கு முன்னால் வந்தவருக்கு நான் சொன்னதைக் கேட்டபடிதான் உள்ளே வரும் முன் வாசலில் நின்றிருந்தார். இன்னொரு பேட்டரியைத் தேடி அலமாரிப் பக்கம் போனேன். அதுவும் கரண்ட் இல்லாமல் சார்ஜரில் சும்மா கிடந்தது. திரும்புவதற்குள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"நல்லா வந்திருக்கு பிள்ள. நானே பாத்துட்டேன். பஸ்ஸ விட்டா அடுத்தது பொழுதடையத்தான். வார சந்தைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"சரிங்கய்யா" என்றேன்.

ஆமாம், சரி என்றேன். அடுத்த ஞாயிறு வருவாரே, அப்போது நன்றாகவே எடுத்துக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். என் போன் மேசைமேல்தான் இருந்தது. அதில் ஒன்று எடுத்திருந்தால் போதும். ஸ்டூடியோ வைத்திருக்கிறவள் போனில் எடுத்துக் கொடுப்பதா என்ற வீம்பு. என் வாழ்க்கையில் இதைவிட முட்டாள்தனமான வீம்பு பிடித்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு லெட்சுமியம்மாவும் மகன் அருண்பாண்டியனும் வந்தார்கள். முந்தின ஞாயிறு சந்தைக்குக் கிளம்பும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லையாம். புதன்கிழமை கருமாதி. படம் வேண்டும்.

"அம்மா, அன்னைக்கு என்னாச்சுன்னா…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் பிள்ள, அவரு சொன்னாரு. தெரையில அவரே பாத்தாராமே. எளந்தாரி மாதிரி வந்திருக்கேன்டின்னு ராவெல்லாம் அதே பேச்சு. புண்ணு ஆறலைன்னு அப்பறம் பல்ல மாட்டவே இல்ல. போத்தல்லயே கெடக்கு. நான் ஒருதடவதான் பாத்தேன், அதுவும் பஸ்ஸு வந்துருச்சுன்னு ஓடுன ஓட்டத்துல. படம் இருக்குல்ல, நல்லாப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அருண்பாண்டியன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அப்பாவைப் பல்லோடு அவன் பார்த்ததே இல்லை. "பெருசாப் போட்டுக் குடுங்கக்கா" என்றான். குரல் உடைந்தது.

செவ்வாய்க்கிழமை வரச்சொல்லி அனுப்பினேன். எடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று அவன் போனில் இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று அதை வாங்கிவைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஜெயமுருகனிடம் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. அழிந்த படத்தை மீட்கிற சாஃப்ட்வேரில் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தார்.

"எடுக்கவே இல்லைங்க. எங்கிருந்து வரும்?"

"தெரியும். சும்மா இருக்க முடியலல்ல, பாத்துருவோம்" என்றார். யாரோ ஒரு குழந்தையின் மொட்டைத்தலை வந்தது. அழகையா வரவில்லை.

அப்புறம் ஜெயமுருகன்தான் அந்த யோசனையைச் சொன்னார். மூடிய வாயைச் சிரிக்க வைக்கிற ஆப் இருக்கிறதே. கல்யாணப் படத்தில் இருந்த இறுகிய முகத்தைக் கொடுத்தோம். முதலில் வந்தது பற்பசை விளம்பரத்துச் சிரிப்பு. பல்லைக் குறைத்தோம். அடுத்து வந்ததில் உதடு இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி சமமாக ஏறியிருந்தது. "இடப்பக்கம்தான் முதல்ல ஏறும், வலப்பக்கம் தயங்கும்" என்று நான் கத்துகிறேன், அவர் ஆப்பில் விதவிதமாக எழுதிக் கேட்கிறார். இருபது முப்பது முகம் வந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒரு நல்ல மனுஷன். எனக்கு அந்த முகம் அப்படியே கண்ணில் நிற்கிறது, ஆனால் அதை எடுத்து வெளியே வைக்க ஒரு வழியும் இல்லை. இருப்பதில் கொஞ்சம் பரவாயில்லாததை எடுத்துப் பிரேம் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். காகிதத்தைப் பிரித்ததும் அருண்பாண்டியன் "அப்பா" என்று ஒரு சத்தம் போட்டான். பிரேமைக் கட்டிக்கொண்டு அழுதான். எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார், அவர் இருந்தவரைக்கும் நான் இப்படிப் பார்க்கவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

லெட்சுமியம்மா அழவில்லை. படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிவைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். கண்ணாடிமேல் உதட்டின் இடப்பக்கத்தை விரலால் தொட்டார். கண்டுபிடித்துவிட்டார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்க மாட்டாரா என்று ஏங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏம்ப்பா, அப்பா சிரிச்சா இப்படியா இருக்கும்?" என்று மகனைக் கேட்டார்.

"ஆமாம்மா. அப்பாதாம்மா."

"இல்லப்பா, வாயி ஒரு பக்கமா… எனக்கு வேற மாதிரில நெனப்பிருக்கு."

"நீ ஒருதடவதானம்மா பாத்த. இது மெசின்ல புடிச்சது. அப்பாவே பாத்து நல்லாருக்குன்னாருல்ல."

லெட்சுமியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்று அழகையாவோடு கூட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். நீங்கள் நினைப்பதுதான் சரி அம்மா என்று ஒரு வார்த்தை. சொன்னால் போதும். மகன் நெஞ்சோடு அணைத்து அழுத அந்தப் படம் அவர் கையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரே பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாருன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் லெட்சுமியம்மா. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்குத்தான் அவரு மொகம் அதுக்குள்ள மறந்துபோச்சு."