கற்புக்கு முதல் பொருள்

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவருக்கு ‘ஆதாரம் அக்கா’ என்று பெயர். யார் என்ன சொன்னாலும், "ஆதாரம் எங்கப்பா?" என்பார். தலைமைப் பதிப்பாசிரியர் ‘கமா’. எதையும் நிறுத்தாமல் விடமாட்டார். நான் மெய்ப்புத் திருத்துபவள்.

‘கற்பு’ என்ற சொல் அக்காவின் மேசைக்கு வந்தது. பழைய பதிப்பில் ‘பெண்ணின் நிறை’, அதாவது அவள் ஒழுக்கம், என்று ஒரே வரி. அக்கா விடவில்லை. வாரக்கணக்கில் பழம்பாடல்களைப் புரட்டிவிட்டுக் கூட்டத்தில் எழுந்தார்.

"கல்விங்கிற பொருள்லயும் இந்தச் சொல் வந்திருக்கு சார். அதுதான் மூத்தது. அகப்பாட்டுல மறைவா காதலிச்சா களவு, ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தா கற்பு. அந்த வாழ்க்கை ரெண்டு பேருக்கும்தானே? பின்னாடிதான் மொத்தமா பொண்ணு தலையில கட்டிட்டாங்க."

"ஊர்ல யாரும்மா இப்போ அப்படிப் பேசுறாங்க?" என்று கமா குறுக்கிட்டார்.

"இப்போ பேசுறத மட்டும் போட்டா, சொல்லோட பாதி வயச மறைச்ச மாதிரி ஆயிடும்."

மேற்கோள்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய கமா, கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. கல்வியே முதல் பொருளா இருக்கட்டும்." நாங்கள் கைதட்டினோம். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பெண்பிள்ளைகள் எங்கள் வாயை அடைப்பார்கள்.

பக்கம் அச்சுக்குப் போகவிருந்த நாளில் அக்கா முகம் வாடி என் மேசைக்கு வந்தார்.

"நான் சொன்னது பாதிதான்டி. மனைவியோட உறுதியைப் புகழ்ற பாட்டும் அதே காலத்துல இருக்கு. கல்விதான் மூத்ததுன்னு என்னால நிரூபிக்க முடியல."

"ஜெயிச்சதை நீங்களே கெடுத்துக்கணுமா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. எனக்குப் பிடிச்சதை நான் முதல்ல வச்சா, பழைய பதிப்புக்காரங்க அவங்களுக்குப் பிடிச்சதை வச்சதுல என்னடி தப்பு?"

அக்கா நேராகக் கமாவின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"சார், என் வாதத்துல ஓட்டை இருக்கு. பக்கத்தை நிறுத்தணும்."

கமா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தொலைபேசியை எடுத்து அச்சகத்தாரிடம், "அந்தப் பக்கம் இன்னைக்கு வேண்டாம்" என்றார். பிறகு தன் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. எப்படி எழுதலாம், சொல்லுங்க."

இருவரும் மாலைவரை வாதாடினார்கள். கல்வி, இல்லறம், உறுதி மூன்றும் பழைய வழக்குகளாக நின்றன. பின்னாளில் பெண்ணுக்கு மட்டும் என்று சொல் குறுகிய செய்தியும் தனியாக இடம்பெற்றது. அடியில் ஒரு குறிப்பு: ‘இவற்றுள் மூத்தது எது எனத் துணிய இயலவில்லை.’

தெரியவில்லை என்று அகராதிக்காரர்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த வரியில் கமா கைவைக்கவில்லை.

மறுநாள் அந்தப் பக்கம் என்னிடம் வந்தது. ஒரு பிழைகூட இல்லை. இருந்தும் இன்னொரு முறை வாசித்தேன்.