போனில் படித்த பல்லவி

"நிறுத்துங்கடி!" என்று சுகிர்தம் கையைத் தூக்கினாள். பாட்டு ஏற்கெனவே நின்றுதான் போயிருந்தது. அவள் எரிச்சலே அதுதான்.

பரளச்சிக்குத் தெற்கே, கரிசல் காட்டை ஒட்டியிருந்த அந்தச் சின்ன வேதக்கோயிலில் ஆராதனைக்குப் பாட்டு எடுத்துக்கொடுப்பவள் சுகிர்தம். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. அதற்கென்று ஒரு புதுப்பாட்டு. பல்லவி இரண்டே வரி:

வானம் பார்த்த பூமியைக் கண்ணால் பார்த்தீரே,
வாடி நின்ற பயிருக்கு மழையாய் வந்தீரே.

முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாம் வரியில் 'பயிருக்கு' என்றதும் அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். சும்மா நின்றார்கள். பிறகு யாரோ சொடக்குப் போட்டதுபோல 'மழையாய் வந்தீரே' என்று ஒரே குரலாக எடுத்தார்கள். பிசிறே இல்லை.

"ஏன்டி அந்த எடத்துல நிக்கிறீக? மூச்சு முட்டுதா?"

"மூச்செல்லாம் முட்டல. அங்கன நிக்கணும்ல" என்றாள் முன்வரிசை மாரிக்கனி.

"யாரு சொன்னா?"

"நீதான்க்கா."

"நானா? எப்படி சொன்னேன்?"

மாரிக்கனி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தட்டினாள். வேலைக்கு நடுவே படிக்கட்டும் என்று சுகிர்தமே பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. '...வாடி நின்ற பயிருக்கு' என்றது சுகிர்தத்தின் குரல். அப்புறம் சத்தமில்லை. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. மறுபடி குரல் வந்தது: 'மழையாய் வந்தீரே. பல்லவி இம்புட்டுத்தான். சரணம் முடிய முடிய இதயே திருப்பிப் பாடணும்.'

சுகிர்தத்துக்கு நினைவு வந்துவிட்டது. முற்றத்தில் காயப்போட்டிருந்த மல்லியில் பக்கத்து வீட்டு ஆடு வாயை வைத்தது. போனை வைத்துவிட்டு ஓடிப்போய் விரட்டிவிட்டு வந்து மிச்சத்தைப் பாடினாள். மறுபடி முதலிலிருந்து பாட அன்றைக்குப் பொறுமையில்லை.

"அடப் பாவிகளா! அது நான் ஆடு வெரட்டப் போனதுடி!"

"எங்களுக்கு எப்படித் தெரியும்? மெளகா எடுக்கையில கேட்டோம், லோடு ஆட்டோவுல கேட்டோம், சோறு பொங்கையில கேட்டோம். ஒவ்வொரு மட்டமும் நீ அங்கன நின்னே. நாங்களும் நின்னோம்."

"ஒருத்திக்குக்கூடக் கேக்கத் தோணலயா?"

"நீ பாடுனதுல குத்தம் சொன்னா எங்களச் சும்மா விடுவியா?"

பின்வரிசையில் சிரிப்பு. சுகிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்சுழியிலிருந்து வரும் போதகர் போன தடவையே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "கீபோர்டோட சேந்து பாடுங்கம்மா. இந்தப் பண்டிகையிலயும் சேரலன்னா, டவுன்லேர்ந்து பாட்டுக் குழு வரட்டும். நீங்கள்லாம் உக்காந்து கேட்டாப் போதும்."

உக்காந்து கேட்பதாம். அந்த வார்த்தை அவளுக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஆறு நாள் வெயிலில் குனிந்து கிடந்துவிட்டு இவர்கள் வாயைத் திறக்கிற இடம் இது ஒன்றுதான். இங்கேயும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா?

"கீபோர்டு உங்களுக்காவ நிக்காதுடி. அது மெஷினு. நிக்காமப் பாடுங்க."

தனித்தனியாகப் பாடச் சொன்னால் நிற்காமல் பாடினார்கள். சேர்ந்து பாடினால் நின்றார்கள்.

"மாரிக்கனி, நீயாச்சும் நிக்காமப் போயேன்."

"நான் மட்டும் போனா நான் தப்பாப் பாடுற மாதிரி இருக்குக்கா."

"நீங்கள்லாம் உருப்படுவீகளா?" என்று மேசையில் அடித்தாள் சுகிர்தம். விளக்கு வைக்கும் நேரம்வரை பாடியும், அந்த இடம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சோளக்கதிரும் பூசணிக்காயும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. கீபோர்டுக்காரர் கிதியோன் டவுனிலிருந்து வந்து, பொத்தானை அமுக்கித் தாளத்தை ஓடவிட்டார். சுகிர்தம் மைக்கைப் பிடித்தாள். நம் குரல் பெரிதாக இருந்தால் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

'வாடி நின்ற பயிருக்கு...'

அத்தனை பேரும் நின்றார்கள். 'மழையாய் வந்தீரே' என்று சுகிர்தத்தின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் அலறியது. அவள் முடித்த பிறகு சபை நிதானமாக எடுத்தது. கிதியோன் அதற்குள் சரணத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதகரின் புருவம் ஏறியது.

எப்படியோ முதல் சரணத்தைத் தாண்டினார்கள். மறுபடி பல்லவி வரப்போகிறது. சுகிர்தம் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி முகத்திலும் பயமில்லை. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது மைக் வைத்திருந்த அவளுக்கும் அந்தப் பெட்டிக்கும்தான்.

அவள் கிதியோன் பக்கம் சாய்ந்தாள். "தம்பி, அத அமத்துங்க."

"தாளத்தயா? எல்லாம் கலைஞ்சிரும்க்கா."

"இப்ப மட்டும் என்ன கலையாமயா இருக்கு? அமத்துங்க."

பெட்டி அடங்கியது. சுகிர்தம் மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். பெண்கள் தட்டினார்கள், ஆண்கள் பக்கமும் தட்டியது. 'பயிருக்கு' என்றதும் அவளும் நின்றாள். கோயில் முழுக்க ஒரு மூச்சு அளவுக்குச் சத்தமில்லை. பிறகு 'மழையாய் வந்தீரே' என்று வந்தபோது, மேலே இருந்த தகரம் அதிர்ந்தது. மூன்றாம் சரணம் முடிந்து பல்லவி வந்தபோது, 'பயிருக்கு' என்றதும் போதகரும் பாட்டை நிறுத்தி நின்றார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் அசனச் சாப்பாட்டுக்கு வரிசையாய் உட்கார்ந்திருந்தபோது அவர் வந்தார்.

"அந்த எடத்துல ஏன்மா நிறுத்துறீங்க?"

சுகிர்தம் வாயைத் திறக்குமுன் மாரிக்கனி முந்திக்கொண்டாள். "மழைக்குக் காத்திருக்கோம்ல ஐயா, அதான்."

போதகரின் முகம் மலர்ந்தது. "அருமை! அடுத்த வாரப் பிரசங்கத்துல..."

"ஐயா," என்றாள் சுகிர்தம், "இவ பேச்சக் கேக்காதீக. நான் பாடி அனுப்பையில ஆடு மல்லிய மேஞ்சிருச்சு. வெரட்டப் போனேன். இதுக நின்ன எடம் அதுதான்."

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டவுன் குழுவுக்கு இது வராதுல்ல?"

"அவுகளுக்கு எப்படி ஐயா வரும்?"

"அப்ப அவங்க வேணாம். நீங்களே பாடுங்க."

அவர் நகர்ந்ததும் சுகிர்தம் மாரிக்கனியின் தொடையில் கிள்ளினாள். "கோயில்லயே பொய் சொல்லுவியா?"

"நீ உண்மையச் சொல்லிக் கெடுக்கப் பாத்த" என்றாள் மாரிக்கனி, இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடி. "சோறு வருது, சும்மா இரு."