லூர்துமேரியின் வேகம்

என் பெண்டாட்டி லூர்துமேரிக்கு ஆண்டவர் கொடுத்தது குரல். குழாயடியில் அவள் பேசினால் ராஜகிரிக் கோட்டை மலை மேலே ஆடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். பூசைக்கு முன்னால் ஜெபமாலை சொல்வதும் அவள்தான். முதல் பாதியை அவள் சொல்ல, மறுபாதியைக் கோயிலே சேர்ந்து சொல்லும். செஞ்சியில் நாங்கள் அதை ஆற அமர இழுத்துத்தான் சொல்வோம்.

எண்பத்து மூன்றில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு லைன்மேன் மாற்றலாகி வந்தார். அவர் மனைவி ரோஸ்லின், அவர்கள் ஊர் வேகத்தில் ஜெபம் சொல்வாள். நாங்கள் பாதி தாண்டுவதற்குள் அவளுடைய ‘ஆமென்’ தனியாக வந்து விழும். எல்லாத் தலையும் திரும்பும். சிரிக்கிற ஜென்மங்களும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்ச நாளில் அவள் வாயே திறப்பதில்லை.

லைன்மேன் என் சைக்கிள் கடைக்குக் காற்றடிக்க வந்தபோது சொன்னார்: “இந்த ஞாயிறோட சரி அண்ணாச்சி. இனிமே பஸ் ஏறித் திண்டிவனம் கோயிலுக்குப் போறேன்னு அழுதுட்டே இருக்கா.”

வீட்டில் சொன்னேன். லூர்துமேரிக்கு முகம் சுண்டிவிட்டது. “ஒரு பொண்ணு வாய மூடிக்கினு குந்தியிருக்குது, நான் பாட்டுக்குக் கத்திக்கினு இருந்திருக்கேன் பாரு” என்றாள்.

ஞாயிறு வந்தது. லூர்துமேரி எடுத்த எடுப்பில் எக்ஸ்பிரஸ் பஸ் வேகத்தில் கிளம்பினாள். கிழவிகள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார்கள். ஒருவழியாக எல்லாரும் ‘ஆமென்’ சொல்லி நிறுத்தினோம். ரோஸ்லினின் குரல் மட்டும் எங்கள் பழைய இழுவையில் இன்னும் வந்துகொண்டிருந்தது. கடைசி நாளாவது எங்களோடு சேர்ந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாரம் முழுக்க வீட்டில் பழகியிருக்கிறாள், பாவம்!

லூர்துமேரி முந்தானையால் வாயைப் பொத்தினாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். ரோஸ்லினும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. அப்புறம் கோயிலே சிரித்தது.

என் பெண்டாட்டி எழுந்து போய் ரோஸ்லினின் பாயில் ஒட்டி உட்கார்ந்தாள். “திண்டிவனம் கிண்டிவனம் எல்லாம் வாணாம் தங்கச்சி. இன்னிக்கு நீ சொல்லு, நாங்க பின்னால வரோம்.”

ரோஸ்லின் ஆரம்பித்தாள். சின்னக் குரல். அது அமுங்கிவிடக் கூடாதென்று லூர்துமேரி தன் குரலை இறக்கிப் பதில் சொன்னாள். கல்யாணமாகி அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவளை எனக்கு அத்தனை பிடித்துப் போனதும் அன்றைக்குத்தான்.