இரண்டு நிமிட ஓய்வு

ஓய்வூதியத்துக்கான புதிய இணையப் படிவத்தை வெளியிடுவதற்கு முன், அதை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பத்து நான்கு வருடம் அலுவலகம் நடத்தியவன் நான். அழைப்பு வந்ததில் வியப்பில்லை. மனைவியும் உடன் வந்தாள்.

அன்று காலைதான் அவள் கேட்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பேச்சை மீறித் தானாகக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், மறுநாள் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கே போகிறாளாம். போவதற்குள் அப்பாவை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

“அப்படி ஒருத்தி இருக்கிறதே எனக்கு ஞாபகமில்ல,” என்றேன். எங்கள் குடும்பத்தில் சொன்னதை மாற்றிச் சொல்லும் பழக்கம் கிடையாது.

சோதனை நடத்தியவள் ஓர் இளம்பெண். என் இரு விரல்களில் வியர்வையை அளக்கும் பட்டைகளைச் சுற்றினாள். காது மடலில் நாடித்துடிப்புக்கு ஒரு கிளிப். கண்மணி விரிவதைப் பார்க்கத் திரைக்கு அடியில் கேமரா.

“வாய் ஈஸின்னு சொல்லிடும் சார். மூளை எவ்ளோ கஷ்டப்படுதுன்னு இதுலதான் தெரியும்.”

“இவர் மூளை கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லம்மா,” என்றாள் மனைவி. “கஷ்டமெல்லாம் எங்களுக்குத்தான்.”

முதலில் இரண்டு நிமிடம் வெறும் சாம்பல் நிறத் திரையைப் பார்த்துச் சும்மா உட்கார வேண்டும். அந்த ஓய்வு அளவோடு ஒப்பிட்டுத்தான் படிவம் தரும் சிரமத்தைக் கணிப்பார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பிறகு படிவம். ஒன்பது பக்கத்தையும் ஒரு பிழை இல்லாமல் முடித்தேன்.

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். “தலைகீழா இருக்கே சார். ஃபார்ம் போடும்போது ஒண்ணுமே இல்ல. சும்மா உட்கார்ந்த ரெண்டு நிமிஷந்தான் மலை மாதிரி ஏறியிருக்கு. அப்ப என்ன யோசிச்சீங்க?”

“ஒண்ணுமில்ல.”

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஐந்து வயதில் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று என் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள், ஒவ்வொன்றும் ஒரு துளை தள்ளி. அன்று முழுவதும் அப்படியே அலுவலகத்தில் இருந்தேன். யாருக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மனைவி எழுந்து வந்து அந்தப் பெண்ணின் திரையில் ஏறி இறங்கிய கோட்டைப் பார்த்தாள். எண்கள் அவளுக்குப் புரிந்திருக்காது, மலை புரிந்தது. இத்தனை வருடமும் என்னைக் கல் என்று நினைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழுதவள் அவள்.

“ஏங்க...” குரல் இறங்கிவிட்டது. “இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டா இருந்தீங்க? சேர்ந்தே அழுதிருக்கலாமே. வாங்க, போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அந்நியப் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பட்டை லூஸா இருந்துச்சு,” என்றேன் சோதனை நடத்தியவளிடம். “அப்படியே எழுதிக்குங்க.”

அவள் என்னைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள்.

“நான் போறேன்,” என்றாள் மனைவி. “வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கு.” நாற்பத்தொரு வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் எங்கும் போனதில்லை.

சன்னலுக்கு நேரே பேருந்து நிறுத்தம். ஏறியவள் சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். வண்டி கொஞ்ச நேரம் நின்றது. பட்டைகளைக் கழற்றச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வண்டி நகர்ந்ததும் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.